1060ஐ மாற்றுவதா, வைத்திருப்பதா? மாங்குளத்திலிருந்து ஒரு வாட் கணக்கு

“மாமா, கார்ட் செத்துப்போச்சு” என்று மருமகன் வந்து சொன்னபோது, கடையில் இரண்டு பேர் அடையாள அட்டைப் படத்துக்குத் தலைசீவிக்கொண்டிருந்தார்கள். கார்ட் என்றால் கணினியில் கேமின் படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்ட். அது சாகவில்லை. கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் படம் விக்கி விக்கி ஓடியது, விசிறி மா அரைக்கிற மில் மாதிரி இரைந்தது, வெப்பம் 84 பாகையில் நின்றது. அவ்வளவுதான். ஆனால் பதினெட்டு வயதுக்காரனுக்கு அந்த மூன்றும் சேர்ந்தால் மரணச் சான்றிதழ்.

ஏ9 வீதியை ஒட்டிய சின்னக் கடை எங்களுடையது. போட்டோக்கொப்பி, படம் எடுப்பது, கலியாண வீடியோ எடிட்டிங். பகலில் கடைக்கு உழைக்கும் கணினிப் பெட்டிதான் இரவில் கேம் பெட்டி. உள்ளே இன்டெல் ஐ5-8400, 16 ஜிபி ராம், 450 வாட் பவர் சப்ளை, 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060. மொனிற்றர் 1080பி, 60 ஹேர்ட்ஸ். 1060 என்பது என்விடியா 2016 ஜூலையில் வெளியிட்ட கார்ட். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் கணக்கெடுப்பில் பல வருடம் முதலிடத்தில் இருந்தது. அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு மட்டும் உரியதல்ல. கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கார்டை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு நாலு பேர் இருக்கிறார்கள்.

எந்தக் கடைக்கும் போகுமுன் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, விளையாடும்போது திரையின் மூலையில் நாலு எண்களைக் காட்டச் சொல்லுங்கள்: கார்ட் எத்தனை வீதம் வேலை செய்கிறது, வெப்பம் எவ்வளவு, என்ன வேகத்தில் ஓடுகிறது, அதன் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது. கார்ட் 97, 98 வீதத்தில் நின்றால் மூச்சுவாங்குவது அதுதான். கார்ட் 60 வீதத்தில் சும்மா நிற்க, கேம் விக்கினால் பழி சிபியு மேல், அல்லது ராம் மேல், அல்லது இன்னமும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கேமை வைத்திருக்கும் உங்கள் மேல். அந்த நிலையில் எவ்வளவு பெரிய கார்ட் வாங்கிப் போட்டாலும் விக்கல் நிற்காது.

எங்கள் பெட்டியில் கார்ட் 98 வீதம் காட்டியது. ஆனால் 1,850 மெகாஹேர்ட்ஸ் பக்கம் ஓடவேண்டியது 1,550க்கு இறங்கிப்போயிருந்தது. 1060 தன் வெப்பத்தை 83 பாகைக்குள் வைத்திருக்கப் பார்க்கும். முடியாவிட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மத்தியான வெயிலில் வன்னி மாடு வேப்பமர நிழலில் படுத்துவிடுவதைப் போல.

பெட்டியைத் திறந்தேன். ஏ9 காபெற் றோட்டுத்தான். ஆனால் கடைக்குப் பக்கத்தால் இறங்கும் ஒழுங்கை கிறவல். ரிப்பர் ஒன்று போனால் அரை மணித்தியாலத்துக்குச் செம்புழுதி அடங்காது. அந்தப் புழுதி ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையில் போய் இறுகி, கம்பளித் துண்டு மாதிரி உரித்தெடுக்கிற பதத்தில் இருந்தது. பவர் சப்ளைக்கு மேலே இரண்டு பல்லி முட்டை. கார்டின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தால், சூடு கடத்தும் பேஸ்ட் வெற்றிலைத் தட்டத்தில் காய்ந்துபோன சுண்ணாம்பு போலப் பொரிந்து கிடந்தது. ஒரு பெயின்ற் பிரஸ், ப்ளோவர், பயறளவு புதுப் பேஸ்ட். ஊதும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சும்மா விட்டு ஊதினால் அது பறந்து சுழன்று பேரிங் கெட்டுவிடும். நான் ஒருமுறை அப்படிக் கெடுத்திருக்கிறேன்.

மூடிப் போட்டதும் வெப்பம் 72 பாகை. வேகம் 1,830. அதே கேம், அதே இடம்: விநாடிக்கு 44 பிரேமில் விக்கியது 56க்கு வந்தது. ஒரு டியூப் பேஸ்ட் காசும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான் செலவு. எங்கள் மொனிற்றர் 60 ஹேர்ட்ஸ் என்பதால் 60க்கு மேல் வரும் பிரேமைக் கண்ணால் பார்க்கவே முடியாது. ஆகவே பிரேமை 60இல் கட்டிவைத்தேன். லேசான கேம்களில் இதனால் கார்ட் பாதி வேலையோடு ஓய்ந்துவிடுகிறது, கடையும் கொஞ்சம் சூடு குறைவு. வலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 ஆகியவைதான் உங்கள் உலகம் என்றால் இதோடு கட்டுரையை மூடிவிட்டுப் போய் விளையாடுங்கள். 1060 இன்னும் காணும்.

சரி, அப்படியானால் ஏன் மேலே எழுதுகிறேன்? பேஸ்ட் பூசித் தீராத பிரச்சினை மூன்று இருக்கிறது.

முதலாவது, ட்ரைவர், அதாவது கார்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள். 10ஆம் தொடர் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான ட்ரைவர் தருவதை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. 2028 ஒக்டோபர் வரை காலாண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். கார்ட் நாளைக்கே நின்றுவிடாது. ஆனால் இனி வரும் கேம் ஒன்று இதில் கோளாறு காட்டினால் திருத்தித் தர ஆளில்லை. இரண்டாவது, ரே ட்ரேசிங், அதாவது ஒளியும் நிழலும் நிஜம்போல விழக் கணக்கிடும் முறை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மேயில் வந்த டூம்: த டார்க் ஏஜஸும் அதற்கான வன்பொருள் இல்லாத கார்டை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. 1060இல் அது இல்லை. செட்டிங்ஸை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. மூன்றாவது, 6 ஜிபி நினைவகம். புதுக் கேம்களின் டெக்ஸ்சரை நடுத்தரத்தில் வைத்தாலே நிரம்பிவிடுகிறது.

படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆரைப் போட்டு இழுக்கலாமே என்று கேட்பீர்கள். இழுக்கலாம், 1060இல் அது வேலை செய்யும். ஆனால் 1080பியில் படம் கொஞ்சம் கரைந்துதான் தெரியும். செயற்கைப் பிரேம் சேர்க்கும் வித்தையும் இருக்கிறது. 30ஐ 60 ஆக்கிக் காட்டினாலும் கைக்கு 30இன் மந்தம்தான் படும்.

இனி மாற்றுவதென்று வைத்துக்கொண்டால் எதை? கொழும்பில் இருக்கிறவன் விலையையும் பிரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். வன்னியில் முதலில் பார்க்கவேண்டியது வாட். இதை நான் வேலைமினக்கெட்டுச் சொல்வதற்குக் காரணம் மேசைக்குக் கீழே இருக்கும் யூபிஎஸ்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாள் போல இப்போது இல்லை. ஆனால் கார்த்திகை மழையில் கொப்பொன்று லைனில் விழுந்தாலோ, எங்கோ இடி விழுந்தாலோ கரண்ட் கண்சிமிட்டிவிட்டுத்தான் வரும். அதனால் யூபிஎஸ் இல்லாமல் எங்கள் பக்கம் யாரும் பெட்டியை ஓட்டுவதில்லை. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 650 விஏ. அதில் 650ஐ நம்பிவிடாதீர்கள், தாங்குவது சாதாரணமாக 360 வாட். எங்கள் பெட்டியின் கணக்கு இது: சிபியு 65, கார்ட் 120, மதர்போர்டும் ராமும் டிஸ்க்கும் விசிறிகளும் 40, மொனிற்றர் 25. மொத்தம் 250. பவர் சப்ளை வீணாக்குவதையும் சேர்த்தால் 290 பக்கம். தாங்கும். 120க்குப் பதில் 185 வாட் கார்ட் வந்தால் கூட்டுத்தொகை 360ஐத் தொட்டுவிடும். கரண்ட் போகும் நொடியில் யூபிஎஸ் கீ என்று கத்திவிட்டுப் படுத்துவிடும். பாதி ரெண்டரான கலியாண வீடியோவும் அதோடு போகும். அப்புறம் பெரிய யூபிஎஸ், பெரிய பவர் சப்ளை என்று கார்டுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வீட்டுக்குள் நுழையும்.

இந்தக் கண்ணோடு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பழைய கார்டுகளில் அதிகம் விளம்பரப்படுத்தப்படுவது என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டியின் 8 ஜிபி ஆர்எக்ஸ் 580. 2017இல் வந்தது, 185 வாட். வேகத்தில் 1060ஐவிட ஒரு விரற்கடை கூட. அவ்வளவுதான். ரே ட்ரேசிங்கும் இல்லை. இதே கார்டுகள்தான் ஈத்தர் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டும் பண்ணைகளில் இரவுபகலாக எரிந்தவை. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி அந்த நாணயத்தின் வலையமைப்பான ஈத்தரியம் தோண்டும் முறையைக் கைவிட்டதும் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. அதிலும் ‘2048எஸ்பி’ என்று ஒட்டியிருந்தால் அது உண்மையான 580 அல்ல. 580இல் 2,304 செயலிகள் இருக்க வேண்டும், இது பெயர் மாற்றிய 570. 1060 வைத்திருப்பவர் இதற்குக் காசு கொடுப்பது, ஓடுகிற சைக்கிளை விற்றுவிட்டு வேறு நிறச் சைக்கிள் வாங்குவது.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பார்க்கப் புதுசு, விலையும் இறங்கும். ஆனால் 4 ஜிபிதான், மதர்போர்டோடு பேச நாலே நாலு தரவுப் பாதை. எங்கள் ஐ5-8400 போன்ற பழைய பெட்டிகளில் உள்ள பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை இணைப்பில் அந்த நாலு பாதையும் அரைவேகம். போதாததற்கு வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் என்கோடரையும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வீடியோ வேலை செய்யும் கடைக்கு ஆகவே ஆகாது.

அலுவலகங்களில் கழித்து ரீகண்டிஷன் என்று வரும் டெல், எச்பி பெட்டிகள் இங்கே நிறைய. அவற்றின் பவர் சப்ளையில் கார்டுக்கென்று தனி வயரே இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரே நல்ல விடை 2024இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050. 70 வாட், ஸ்லொட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். வாங்குமுன் பெட்டியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒல்லிப் பெட்டி என்றால் குட்டை வகைக் கார்ட் தேட வேண்டும். ஏற்கெனவே 1060 வைத்திருப்பவருக்கு இது காணாது. நினைவகம் அதே 6 ஜிபி, வேகத்தில் ஒரு படி மட்டும் மேல்.

இன்டெல் ஆர்க் பி580 காகிதத்தில் ஆசைகாட்டும். 12 ஜிபி, 249 டொலர் வெளியீட்டு விலை. ஆனால் 190 வாட். ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் சிபியு ஒரேயடியாக எட்டும் வசதி) இல்லாத மதர்போர்டில் தன் வேகத்தைக் காட்டாது, பழைய சிபியுவோடு சேர்த்தால் இன்னும் சுணங்கும். புதுப் பெட்டி கட்டுகிறவருக்கான கார்ட். அடுத்தது.

12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 எனக்குப் பிடித்த கார்ட். முழுதாகப் பதினாறு பாதை இருப்பதால் பழைய மதர்போர்டிலும் குறைவில்லை, வீடியோ எடிட்டிங்குக்கு அந்த 12 ஜிபி பெரிய ஆறுதல். 170 வாட் என்ற ஒரே எண்தான் இடைஞ்சல். பெரிய யூபிஎஸ் ஏற்கெனவே இருந்தால், நான் இதைத்தான் பழையதில் தேடியிருப்பேன்.

இவற்றைக் கழித்தால் உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்: பழைய ஆர்எக்ஸ் 6600, புது ஆர்டிஎக்ஸ் 4060.

6600 2021 ஒக்டோபரில் வந்தது. 8 ஜிபி, 132 வாட், வேகம் 1060இன் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எங்கள் யூபிஎஸ்ஸுக்கு 12 வாட் மேலதிகம் ஒரு பொருட்டில்லை. 2025 கடைசியில் ஏஎம்டி இதன் ட்ரைவரைத் தனிக் கிளைக்குத் தள்ளியது. புதுக் கேம்களுக்கான ஆதரவு தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள். எஃப்எஸ்ஆரின் 4ஆம் பதிப்பை மட்டும் தன் 9000 தொடர் கார்டுகளுக்கென்று கொண்டுவந்தது. 4060 2023 ஜூனில் வந்தது. 6600ஐவிட இன்னும் கால்வாசி வேகம், எஃப்எஸ்ஆர் போன்ற என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் உண்டு, வீடியோ என்கோடர் அருமை. நான் இரண்டு தடவை சரிபார்த்த எண் ஒன்று இருக்கிறது: 115 வாட். இப்போதுள்ள 1060ஐவிட ஐந்து வாட் குறைவு! இரட்டிப்புக்கும் மேல் வேகம் வருகிறது, யூபிஎஸ்ஸும் பவர் சப்ளையும் இருந்தபடியே இருக்கின்றன, கடைக்குள் சூடும் கூடவில்லை. கரண்ட் பில்லின் படியிலும் ஏறவேண்டியதில்லை.

இடைஞ்சல் விலை. 4060இன் வெளியீட்டு விலை 299 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 90,000. அதற்கு மேல் 18 வீத வற், கப்பல் கூலி, கடைக்காரரின் இலாபம். 2025 பிற்பகுதியிலிருந்து ஏஐ நிலையங்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டுபோக, ராம் விலை ஏறி அந்தச் சூடு கார்ட் விலையிலும் தெரிகிறது. 4060இன் இடத்துக்கு 5060 வந்துவிட்டது. அது 145 வாட், அதுவும் 4060ஐப் போல எட்டுப் பாதைதான். சில மதர்போர்டுகளில் மறுதொடக்கத்தின்போது திரை கறுத்துப்போக, என்விடியாவே ஃபெர்ம்வேர் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. பழைய பெட்டிக்கு வாங்குகிறவர் கடையிலேயே போட்டு இயக்கிப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இவை எல்லாவற்றையும்விட நீண்டகாலம் நிற்கும். 160 வாட், பதினாறு பாதை. ஆனால் ஐ5-8400இல் அதைப் பூட்டுவது லான்ட்மாஸ்டரில் விமான எஞ்சின் பூட்டுவது.

பழையது வாங்குகிறவர்களுக்கு என் சொந்தக் கதை ஒன்று. நாலு வருடத்துக்கு முன் அக்காவின் பெட்டிக்கென்று இணைய விளம்பரம் பார்த்து ஒரு 1050 டிஐ எடுத்தேன். கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது. பெட்டி புதிது, ஸ்டிக்கர் புதிது. ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் பெயருக்கு முன்னால் ‘போலி’ என்று ஆங்கிலத்தில் பெரிதாகக் காட்டியது. உள்ளே இருந்தது 2011 காலத்து 550 டிஐ, பயோஸ் என்ற உள் மென்பொருளை மாற்றிப் பெயர் சூட்டியிருந்தார்கள். விற்றவரின் தொலைபேசி அன்றைக்கே ஓய்ந்துவிட்டது. ஆகவே விற்பவரிடம் ஜிபியு-இசட் படமும், அதே திரையில் அன்றைய தேதியும் கேளுங்கள். கார்டை முழுமூச்சாக வேலைவாங்கும் ஃபர்மார்க் சோதனை கால் மணித்தியாலம் ஓடும் வீடியோ கேளுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் வேலைசெய்யும் தம்பிமார் யாராவது தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. கையில் வாங்கிப் பார்த்து இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்.

புதியதின் வொறன்ரியும் முழுக் காப்பு அல்ல. எரிந்த தடம், துரு, உடைவு இருந்தால் வொறன்ரி செல்லாது என்று பில்லின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். இடி விழுந்த கார்ட் எரிந்த தடத்தோடுதான் சாகும். மழை இருட்டினால் பிளக்கைக் கழற்றுவது எங்களுக்கு அம்மா காலத்துப் பழக்கம். ரூட்டரின் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள், அந்த வழியாகவும் வரும். பவர் சப்ளையில் ஆறு முள்ளுக்குப் பதில் எட்டு முள் வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் கார்டுகளில் பெரும்பாலானவை எட்டு முள் கேட்கும். மலிவான மாற்று வயரைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒரு வாளி மணலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு மருமகனைக் கூப்பிட்டேன். அவனுக்கு வேண்டியது டூம். அதன் குறைந்தபட்சத் தேவையை வாசிக்கச் சொன்னேன். கார்ட் இடத்தில் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600. சரி. இடம் 100 ஜிபி எஸ்எஸ்டி. எங்கள் ஃபோர்ஜி ரூட்டரில் இரவு டேட்டாவில் இறக்கினால் எத்தனை இரவு என்று அவனே விரல்விட்டான். சிபியு இடத்தில் எட்டுக் கோர். எங்களுடையது ஆறு.

“அப்ப கார்ட் போட்டாலும் ஓடாதா மாமா?”

“ஓடும், ஆனா நீ நினைக்கிற மாதிரி ஓடாது.”

இந்த இடத்தில்தான் நான் முடிவை எடுத்தேன். டூமுக்காக வாங்குவதாக இருந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும், அதற்கு இப்போது காசில்லை. கடைக்காகவும் மற்றக் கேம்களுக்காகவும் வாங்குவதாக இருந்தால் 4060. மூன்று மணித்தியாலம் எடுக்கும் கலியாண வீடியோ வேலை குறையும், பிறகு பெட்டியை மாற்றும்போது கார்டைக் கழற்றிக் கொண்டுபோகலாம். வொறன்ரி மிச்சமுள்ள 6600 ஒன்று புது 4060இன் பாதி விலைக்குக் கிடைத்தால் மனம் மாறுவேன். முக்கால் விலைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம்.

எப்போது என்பதை அக்கா தீர்மானித்துவிட்டா. மகனின் உயர்தரப் பரீட்சை முடியும்வரை அந்தப் பெட்டிக்குள் ஒரு ஸ்க்ரூகூடப் புதிதாகப் போகக்கூடாதாம். எனக்கும் அது வசதிதான். காலபோக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கினால்தான் எங்கள் பக்கம் கலியாணம் கூடும், வீடியோ ஓடரும் வரும். அதுவரை 1060 ஓடும். 1060ஐ ஆதரிக்கும் என்விடியா 580 கிளையில் கடைசியாக வந்த ட்ரைவரை ஒரு பென்ட்ரைவில் எடுத்துவைத்திருக்கிறேன். பவர் சப்ளையின் பின் ஓட்டைக்கு நுளம்பு வலைத் துண்டொன்றும் ஒட்டியாயிற்று. பல்லி இப்போது பிரிண்டருக்குள் குடிபோய்விட்டது.